மழை குறைந்த சீமை

வாய்க்கால் மதகின் மேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நீளக் காம்பு போட்ட மண்வாரி. கையில் நூலும் பின்னல் ஊசியும். தண்ணீர் முழுவதும் அவள் புருஷனுடைய கால்வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறுகிறது, சாய்கிறது. அவள் பின்னிக்கொண்டே இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டைக் குழந்தைகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகின்றன. அவள் எழுந்திருப்பதாக இல்லை. ஆண்பிள்ளை என்றால் துப்பாக்கியால் பேசலாம். இவளிடம் என்ன பேசுவது?

தஞ்சை ஜில்லாவிலோ தாமிரபருணிக் கரையிலோ பிறந்த வாசகர்களுக்கு இந்தக் காட்சி அவ்வளவு புதிதாக இராது. மடைத் தகராறில் மண்டை உடைந்த கதை கேட்காமல் நம் பக்கத்தில் யாரும் வளர்ந்ததில்லை. ஆனால் இந்த மதகு இருந்த இடம் கலிபோர்னியாவின் கிழக்கு ஓரம். ஓவன்ஸ் பள்ளத்தாக்கு என்று பெயர். மேற்கே ஸியரா நெவாடா மலைத்தொடர் சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது. அதன் உச்சியான விட்னி சிகரம் 14,500 அடி. கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் அந்தச் சுவரில் முட்டி அப்பக்கமே கொட்டிவிடும். இப்பக்கத்துக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு ஐந்தாறு அங்குல மழையும், மலையின் பனி உருகி இறங்கும் சில ஓடைகளும்தான். இன்னும் கிழக்கே போனால் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் மரணப் பள்ளத்தாக்கு. இப்படிப்பட்ட சீமையில் மதகின் மேல் ஒருத்தி உட்கார்ந்து பின்னல் போட்டால் அது வேடிக்கை அல்ல, குடும்பத்தின் ஜீவனம்.

அந்தக் காட்சியை எழுதி வைத்தவர் மேரி ஆஸ்டின் அம்மையார். ‘மழை குறைந்த சீமை’ என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய அவருடைய முதல் புத்தகம் 1903-ஆம் ஆண்டு வெளிவந்தது. பதினான்கே கட்டுரைகள் அடங்கிய சின்னப் புத்தகம். அதற்குப் பின் முப்பது ஆண்டுகளில் நாவல், நாடகம், கவிதை, சமய விசாரணை, சுயசரிதை என்று முப்பதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். ஆயினும் இன்று ஜனங்கள் தேடிப் படிப்பது அந்த முதல் புத்தகத்தைத்தான். எழுத்தாளருக்கு இது ஒரு விதத்தில் தண்டனை. முதல் கதையைப் புகழ்ந்தே மற்றவற்றை மறக்கடிக்கும் நண்பர்கள் நமக்கும் உண்டல்லவா?

மேரி பிறந்தது 1868 செப்டம்பர் 9-ஆம் தேதி, இல்லினாய் ராஜ்யத்தில் கார்லின்வில் என்ற ஊரில். தகப்பனார் ஜார்ஜ் ஹன்டர் வக்கீல். உள்நாட்டு யுத்தத்தில் காப்டனாக இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு வந்தவர். புத்தகப் பிரியர். வீட்டில் மேரியைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே. மேரிக்குப் பத்து வயதாகும்போது, 1878-இல், அவர் காலமானார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் மேரிக்குத் தொண்டை நோவு கண்டது. அவளுக்குக் குணமாகிவிட்டது, ஆனால் அவளிடமிருந்து தொற்றிக்கொண்ட தங்கை ஜென்னி தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனாள். சவ அடக்கத்தின்போது தாயார் அழுத அழுகையில் ஒரு கேள்வி இருந்தது. போனது ஏன் மேரியாக இருந்திருக்கக் கூடாது என்பதுதான் அந்தக் கேள்வி. பக்கத்தில் நின்ற மேரியின் காதில் அது விழுந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சுயசரிதை எழுதும்போதும் அதை அவர் மறக்கவில்லை.

அந்தச் சுயசரிதையில் ஒரு விசித்திரம். தம்மைப் பற்றி எழுதும்போது சில இடத்தில் ‘நான்’ என்கிறார். பல இடத்தில் ‘மேரி’ என்று மூன்றாம் மனுஷியைப் போல் எழுதுகிறார். தமக்குள்ளே இரண்டு பேர் இருப்பதாக அவர் குழந்தையிலிருந்தே எண்ணினார். அடிபட்டு அழுகிற மேரி ஒருத்தி. எதற்கும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ‘நான்-மேரி’ மற்றொருத்தி. ஒரே மரத்தில் இரண்டு பறவைகள், ஒன்று கனியைத் தின்ன மற்றொன்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உபநிஷத உவமையை அறிந்த நமக்கு இது பெரிய புதிராகத் தோன்றாது.

கல்லூரியில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் இலக்கியம் அல்ல, விஞ்ஞானம். இலக்கியத்தைத் தாமே படித்துக்கொள்ளலாம், விஞ்ஞானத்துக்குத்தான் வாத்தியார் வேண்டும் என்று நினைத்தாராம். நல்ல யோசனை. 1888-இல் பட்டம் பெற்ற கையோடு, குடும்பம் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டது. அரசாங்கம் குடியேறுகிறவர்களுக்கு நிலம் கொடுத்த காலம். ஸான் வாக்கீன் சமவெளியின் தென்கோடியில், டெஹோன் பண்ணைக்கு அருகே, இவர்கள் நிலம் பிடித்தார்கள். அங்கே போய்ச் சேரும் நூறு மைல் பிரயாணத்தைப் பற்றி மேரி எழுதிய கட்டுரை மறு ஆண்டு கல்லூரிச் சஞ்சிகையில் வந்தது. அதுதான் அச்சேறிய முதல் எழுத்து.

ஆனால் நிலத்தில் ஒன்றும் விளையவில்லை, வறட்சிக் காலம். பச்சைக் காய்கறி கண்ணில் படாமல், டப்பாச் சாப்பாட்டிலும் வேட்டை இறைச்சியிலும் நாள் தள்ளியதில் மேரி இளைத்துத் துரும்பானார். இரவில் தூக்கமில்லை, வெளியில் உட்கார்ந்து மானையும் நரியையும் ஆந்தையையும் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு பள்ளத்தில் பழுத்துக் கிடந்த காட்டுத் திராட்சையைத் தின்று தேறினார். பக்கத்துப் பெரும்பண்ணையின் சொந்தக்காரர் ஜெனரல் பீல் என்ற கிழவர் இந்தப் பெண்ணின் ஆசையைக் கண்டு, அந்தப் பிரதேசத்தின் கதைகளையெல்லாம் எடுத்துச் சொன்னார். ஆட்டு இடையர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் கேட்டு அறிந்தவை இன்னும் அதிகம். நாடெல்லாம் தங்கச் சுரங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு வக்கீல் வீட்டுப் பெண் ஆட்டுக்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, மந்தை எப்படித் திரும்பும், நாய் எப்படி மடக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ‘மந்தை’ என்ற தலைப்பில் அவர் 1906-இல் வெளியிட்ட புத்தகம் முழுவதும் அந்த விசாரணையின் பலன்தான்.

1891-இல் ஸ்டாஃபர்ட் வாலஸ் ஆஸ்டின் என்பவரை விவாகம் செய்துகொண்டார். படித்தவர், சாது, கனவு காண்பவர். வறண்ட நிலத்துக்கு நீர்ப்பாசனம் கொண்டுவந்து பணக்காரர் ஆவது அவர் கனவு. கனவு பலிக்கவில்லை. 1892-இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் லோன் பைன் ஊரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, மேரி உலாவப் போய்த் திரும்பினார். அவர்களுடைய பெட்டி தெருவில் கிடந்தது. கணவர் வாடகை கட்டவில்லை, கட்டவில்லை என்று மனைவியிடம் சொல்லவும் இல்லை. மேரி அப்போது கர்ப்பவதி. வேறொரு விடுதியில் சமையல் வேலை ஒப்புக்கொண்டு இருப்பிடமும் சாப்பாடும் சம்பாதித்தார்.

அந்த ஆண்டு பிறந்த பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். வளர வளர, குழந்தைக்கு மூளை வளர்ச்சி இல்லை என்று தெரிந்தது. தாயாருக்குச் செய்தி எழுதினார் மேரி. இப்படிப்பட்ட தண்டனை வருவதற்கு நீ என்ன பாவம் செய்தாயோ என்ற பொருளில் பதில் வந்தது. அந்தத் தாய் கெட்டவள் அல்ல; மதுவிலக்குப் பிரசாரத்தில் ஊருக்கு உழைத்தவள். ஊருக்கு உழைப்பவர்களிடம் சில சமயம் வீட்டுக்கு இரக்கம் மிஞ்சுவதில்லை.

மேரி பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிச் சம்பாதித்தார். கிடைத்த நேரத்தில் மேட்டு நிலங்களில் அலைந்தார், எழுதினார். குழந்தையை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது விட்டுப் போவார்; சில வேளை தனியே விட்டும் போவார். ஊரார் தூற்றினார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் அந்தக் குழந்தையோடு ஒரு அறையில் இருந்திராதவர்கள் தூற்றுவது சுலபம். அதற்காகக் குழந்தையின் பக்கத்து நியாயத்தை நாம் மறந்துவிடவும் கூடாது. பன்னிரண்டு வயதுக்குப் பின் ரூத்தை ஸான்டா கிளாராவில் ஒரு தனியார் நிலையத்தில் விட்டார்கள். 1918-இல் ரூத் அங்கேயே இறந்தாள். தாய் எழுதிச் சம்பாதித்ததில் ஒரு பங்கு அந்த நிலையத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ‘மழை குறைந்த சீமை’யைப் படித்தால் ஓர் ஆச்சரியம் ஏற்படுகிறது. அதில் இந்தத் துயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீரைத் தேடி மிருகங்கள் நடந்து நடந்து உண்டாக்கிய தடங்களைப் பற்றி ஒரு கட்டுரை: மேட்டிலிருந்து பார்த்தால் அவை எல்லாம் கூடிக் கூடி ஒரே இடத்தில், சுனையில், முடிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. ஓர் எலியின், அணிலின் கண் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினால் தெரியும் என்கிறார். அந்தச் சுனையின் திசையைக் காட்டப் பழங்குடிகள் எந்தக் காலத்திலோ கல்லால் வைத்த வட்டத்தையும் அம்புக்குறியையும் தேடிக் கண்டுபிடித்துச் சொல்கிறார். பிணம் தின்னும் பறவைகளைப் பற்றி இன்னொரு கட்டுரை. கழுகும் காக்கையும் நரியும் காட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் விதத்தை அருவருப்பின்றி வர்ணித்துவிட்டு, அவற்றால் தின்று தீர்க்க முடியாத குப்பை ஒன்றே ஒன்று என்று முடிக்கிறார். அது மனிதன் தங்கிப் போன இடத்தில் விட்டுப் போகும் தகர டப்பா. 1903-இல் எழுதினது இது! பிளாஸ்டிக் பையை அவர் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்தது கூடை முடைபவளின் கதை. ஸெயாவி என்பது அவள் பெயர், பையூட் இனத்தவள். நாம் செவ்விந்தியர் என்று எழுதிப் பழகிவிட்ட பழங்குடிகளில் ஒரு பிரிவு இது. வெள்ளைக்காரர்களோடு நடந்த சண்டையில் புருஷன் இறந்துபோகிறான். கைக்குழந்தையோடு அவள் புதர்களிலும் பாறைகளிலும் ஒளிந்து, கிழங்கும் விதையும் பொறுக்கி உயிர் பிழைக்கிறாள். ஒரு தாய்க்கு ஆண்பிள்ளை துணை இல்லாமல் குழந்தையை வளர்க்க முடியும் என்பதை அப்போதுதான் அவள் கண்டுகொள்கிறாள். பிறகு கூடை முடைகிறாள். விற்பதற்காக மட்டும் அல்ல, அழகுக்காக. கடைசியில் கண் தெரியாமல் போகிறது. மேரி தம் கதையை அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை என்றேன். ஸெயாவியின் கதையைப் படித்த பிறகு அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

புத்தகத்தை எழுதி முடிக்க ஒரு மாதம்தான் ஆயிற்றாம். அதற்கு முன் பார்த்தும் கேட்டும் திரிந்தது பன்னிரண்டு ஆண்டு. ‘அட்லாண்டிக் மன்த்லி’ என்ற பெரிய பத்திரிகை கட்டுரைகளைப் போட்டது. புத்தகமாக வந்ததும் மேரிக்குப் பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்த இரண்டே ஆண்டில், எந்த நிலத்தைப் பற்றி எழுதினாரோ அந்த நிலத்துக்கு ஆபத்து வந்தது. 230 மைலுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வளர்ந்துகொண்டிருந்தது, தண்ணீர் போதவில்லை. அந்தச் சமயத்தில் மத்திய அரசாங்கத்தின் பாசன இலாகா ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலேயே ஒரு நீர்த்தேக்கம் கட்ட அளவெடுத்துக்கொண்டிருந்தது. விவசாயிகளுக்கு மகிழ்ச்சி. லாஸ் ஏஞ்சல்ஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் அங்கே வந்து நதிக்கரை நிலங்களுக்கு விலை பேசினார். அரசாங்கத் திட்டத்துக்காகத்தான் வாங்குகிறார் என்று பலர் நம்பினார்கள். பாசன இலாகாவின் பெரிய இன்ஜினீயர் லிப்பின்காட் அதே சமயத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபையிடமும் ஆலோசகராகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1905 ஜூலை 29-ஆம் தேதி ஒரு லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை செய்தியை உடைத்தது: நதி நகரத்துக்கு வரப்போகிறது!

மேரியின் கணவர் அப்போது இன்டிபென்டென்ஸ் ஊரில் நில ஆபீஸில் அரசாங்க உத்தியோகஸ்தர். கனவு காண்பவர் என்று சொன்னேனே, அந்த மனிதர் இந்தச் சமயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. இது மோசடி என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டுக்கும் எழுதினார். இதைச் சொல்லாமல் அவரைக் கையாலாகாத கணவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது அநியாயம். மேரி செப்டம்பர் 3-ஆம் தேதி ஸான் பிரான்சிஸ்கோவின் ‘கிரானிக்கிள்’ பத்திரிகையில் கட்டுரை எழுதினார். நான்காவது நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் வாக்காளர்கள் திட்டத்தின் முதல் செலவுக்கு 15 லட்சம் டாலர் கடன் பத்திரத்தை அமோகமாக ஆதரித்தார்கள். 1906-இல் ரூஸ்வெல்ட் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதிகம் பேருக்கு அதிக நன்மை என்பது அவர் கட்சி. எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது கணக்கில் சரிதான்; பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர். கணக்கில் சரியானது எல்லாம் நியாயமாகிவிடுமானால் நாவலாசிரியர்களுக்கு வேலை இல்லை.

வில்லியம் முல்ஹாலண்ட் என்ற இன்ஜினீயர் கட்டிய அந்தக் கால்வாய் 233 மைல் நீளம். ஓர் இடத்தில்கூடப் பம்பு கிடையாது. தண்ணீர் தன் எடையாலேயே மலையும் பாலையும் தாண்டி வருகிறது. மெச்சத்தக்க வேலை என்பதை மறுப்பதற்கில்லை. 1913 நவம்பர் 5-ஆம் தேதி திறந்தார்கள். 1924-இல் பள்ளத்தாக்குக் குடியானவர்கள் லோன் பைனுக்கு அருகே இருந்த மதகைக் கைப்பற்றி நான்கு நாள் தண்ணீரைத் திருப்பி விட்டார்கள். 1927-இல் அவர்களுடைய போராட்டத்துக்கு ஆதாரமாக இருந்த உள்ளூர் பாங்கு முறிந்தது. அதோடு எல்லாம் அடங்கிற்று. நூறு சதுர மைலுக்கு மேல் பரந்திருந்த ஓவன்ஸ் ஏரி ஏற்கெனவே வற்றி உப்புத் தரையாகிவிட்டிருந்தது. பாலை என்பது தனி நிலமே அல்ல, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொல்லி வைத்தார். அவர் காட்டிய காரணம் வெயில். இங்கே காரணம் குழாய்.

மேரி இந்தக் கதையை 1917-இல் ‘துறை’ என்ற நாவலாக எழுதினார். பள்ளத்தாக்குக்கு வேறு பெயர் வைத்தார். நகரத்தையும் ஸான் பிரான்சிஸ்கோவாக மாற்றினார். நாவல் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. ஒவ்வொரு பாத்திரமும் ஒரு கட்சியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. மதகின் மேல் உட்கார்ந்து பின்னல் போட்ட அந்த ஒருத்தி சில வரிகளில் செய்ததை இந்தப் பெரிய நாவல் செய்யவில்லை.

தண்ணீர் போனது உறுதியானதும் கணவன் மனைவி இருவரும் ஊரை விட்டார்கள். ஆனால் சேர்ந்து அல்ல. அவர் மரணப் பள்ளத்தாக்குப் பக்கம் போனார். அம்மையார் கடற்கரை ஊரான கார்மலுக்குப் போனார். சட்டப்படி விவாகரத்து 1914-இல்தான் ஆயிற்று. கார்மலில் அப்போது ஓர் எழுத்தாளர் கூட்டம் இருந்தது. கவி ஜார்ஜ் ஸ்டெர்லிங் அதன் நடுநாயகம். ஜாக் லண்டன் வந்து போவார். மேரி ஒரு மரத்தின் மேல் பரண் கட்டிக்கொண்டு, கூந்தலைப் பின்னித் தொங்கவிட்டுக்கொண்டு, நீண்ட அங்கி அணிந்து அங்கே உட்கார்ந்து எழுதுவார். கொஞ்சம் வேஷம்தான். நண்பர்களே சிரித்தார்கள். பத்து வருஷம் சமையற்கட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கிடந்த ஒருத்திக்கு முதல் முதலாக ஒரு பரண் கிடைத்தால் அதில் ராணி மாதிரிதான் உட்காருவாள்.

1907-இல் வைத்தியர்கள் மார்பகப் புற்றுநோய் என்றும் அதிக நாள் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். சாவதற்கு அழகான இடம் வேண்டும் என்று மேரி இத்தாலிக்குப் புறப்பட்டார். ரோமாபுரியில் கன்னிகாஸ்திரீகளிடம் ஜெபமுறைகளைக் கற்றுக்கொண்டார், வலி போய்விட்டது. வைத்தியர் கணித்தது தவறோ, ஜெபம் பலித்ததோ, நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. செத்துப்போக வேண்டியவர் அங்கிருந்து லண்டனுக்குப் போய் எச். ஜி. வெல்ஸ் முதலானவர்களைச் சந்தித்துவிட்டு, ஒரு நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியூயார்க்கில் வந்து இறங்கினார்.

‘அம்பு செய்பவன்’ என்பது அந்த நாடகம். ஒரு பழங்குடிக் கூட்டத்தில் மந்திரம் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய சக்தி எல்லோருக்கும் வேண்டும்; அவள் மட்டும் விவாகம் செய்துகொள்ளக் கூடாது, குழந்தை பெறக் கூடாது. அம்பு செய்யும் வாலிபன் ஒருவனிடம் அவள் மனத்தைக் கொடுக்கிறாள். தன் சக்தியால் அவனைப் படைத்தலைவனாக்குகிறாள். தலைவனான பிறகு அவன் கூட்டத்து நாயகனுடைய மகளை மணக்கிறான். அவள் தன் வரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள், கூட்டமே சீரழிகிறது. 1911 பிப்ரவரியில் நியூயார்க்கில் ‘நியூ தியேட்டர்’ என்ற மாளிகை போன்ற நாடகசாலையில் அரங்கேறியது. செல்வந்தர்கள் பணம் போட்டுக் கலைக்காகவே நடத்திய அரங்கம் அது. அந்த ஆண்டோடு அதையும் மூடிவிட்டார்கள். மேரியின் நாடகமும் சில நாள்தான் ஓடியது. பார்த்தவர்கள் இறகுக் கிரீடத்தையும் தோல் உடுப்பையும் பார்த்தார்களே ஒழிய, அதில் பேசுகிற பெண் யார் என்று பார்க்கவில்லை. ஒரு சமூகம் கெட்டிக்காரப் பெண்ணின் உழைப்பை வாங்கிக்கொண்டு அவளுக்கு வீடு இல்லாமல் செய்கிறது என்பதைத்தான் மேரி சொல்ல வந்தார். மறு ஆண்டு இதையே ‘மேதையான ஒரு பெண்’ என்ற நாவலில், ஒரு நடிகையின் கதையாக வைத்து எழுதினார். அவருடைய நாவல்களில் அதுதான் உயர்ந்தது என்று நான் நினைக்கிறேன். பெரிய நகரத்து மேடை அவரை ஏற்றுக்கொள்ளாவிட்டாலும், கார்மலின் திறந்தவெளிக் காட்டு அரங்கில் அதே நாடகத்தைப் பிற்பாடு ஆடினார்கள். ஸியராவின் கதைக்கு அதுவே பொருத்தமான மேடை.

கவிதையில் அவர் செய்தது விவாதத்துக்கு உரியது. பழங்குடிகளின் பாடல்களைத் தம் மொழியில் மறுபடி சொல்லி, 1923-இல் ‘அமெரிக்க லயம்’ என்ற நூலை வெளியிட்டார். ஒரு நாட்டின் கவிதை லயம் அந்த நாட்டு மண்ணிலிருந்தும் அங்கே நடக்கும் வேலையிலிருந்தும்தான் பிறக்கிறது என்பது அவர் சித்தாந்தம். ஆப்ரகாம் லிங்கனுடைய கெட்டிஸ்பர்க் பிரசங்கத்தின் லயம் அவர் இளமையில் கோடரியால் மரம் பிளந்த வீச்சிலிருந்து வந்தது என்றுகூடச் சொன்னார். பண்டிதர்கள் சிரித்தார்கள். ஏற்றப்பாட்டின் ஓர் அடியைக் கேட்டுவிட்டு மறு அடிக்காகக் கம்பர் இரவெல்லாம் காத்திருந்தார் என்று கதை சொல்லும் நாம் அவ்வளவு சீக்கிரம் சிரிக்க வேண்டாம். ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பாடல்களின் மூல மொழிகளை அவர் முறையாகக் கற்றவர் அல்ல, உள்ளுணர்வை நம்பினார். அந்த மக்களுக்காக அவர் பேசின இடங்களில் அந்த மக்களின் குரல் சில சமயம் அமுங்கிப் போகிறது. பள்ளிக்கூடக் குழந்தைகளுக்காக எழுதி, 1928-இல் தொகுத்து வெளியிட்ட பாட்டுக்களில் இந்தச் சங்கடம் இல்லை. அவற்றில் அணிலும் முயலும் பாலைவனத்துப் பூவும் தாமாகவே வந்து நிற்கின்றன.

1924-இல் நியூ மெக்ஸிகோவில் ஸான்டா ஃபே நகரத்தில் குடியேறி, மண் கட்டியில் சொந்த வீடு கட்டிக்கொண்டார். அங்கே ஸ்பானியக் கைத்தொழில்களைக் காக்க ஒரு சங்கம் ஏற்படுத்தினார். சிமாயோ என்ற கிராமத்துப் பழைய கோயில் விலைக்குப் போக இருந்தபோது, பணம் திரட்டி அதைக் காப்பாற்ற 1929-இல் முன் நின்றார். பேர் தெரியாத ஓர் இளம் புகைப்படக்காரரோடு சேர்ந்து டாவோஸ் கிராமத்தைப் பற்றி 1930-இல் 108 பிரதிகள் மட்டும் அச்சிட்ட ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அந்த இளைஞர் ஆன்ஸெல் ஆடம்ஸ். மலைகளைப் படம் பிடிப்பதில் அவரை மிஞ்சினவர் பிறகு யாரும் இல்லை என்று ஆயிற்று. 1950-இல் ‘மழை குறைந்த சீமை’யின் புதிய பதிப்புக்கு அவர் படங்கள் சேர்ந்தன.

அம்மையாரோடு பழகுவது லேசல்ல. தம்மைத் தாமே மேதை என்று சொல்லிக்கொள்வார். நாவலாசிரியை வில்லா கேதர் ஸான்டா ஃபேயில் இவர் வீட்டில் இருந்து எழுதினாரா இல்லையா என்பது இரு தரப்பிலும் மனத்தாங்கலாகவே முடிந்தது. இரண்டு நாவலாசிரியைகள், ஒரு வீடு. வேறு எப்படி முடியும்?

1927-இல் மறுபடி தண்ணீர். கொலராடோ நதியில் பிரம்மாண்டமான அணை கட்டுவது பற்றி ஏழு ராஜ்யங்களின் மகாநாடு டென்வரில் கூடியபோது, நியூ மெக்ஸிகோவின் பிரதிநிதிகளில் ஒருவராக மேரி போனார். அணையை எதிர்த்தார். தண்ணீரும் மின்சாரமும் கடைசியில் தெற்குக் கலிபோர்னியாவின் நகரங்களுக்கே போகும் என்பது அவர் வாதம். அதைச் சொல்ல அவரைக் காட்டிலும் தகுதி வாய்ந்தவர் அந்தச் சபையில் இருந்திருக்க முடியாது. 1928-இல் அணைக்குச் சட்டம் நிறைவேறியது. அந்த அணைக்குப் பிற்பாடு யார் பெயரை வைத்தார்களோ அந்த ஹெர்பர்ட் ஹூவர், லண்டனில் மேரிக்கு நண்பராக இருந்தவர்.

சுயசரிதை 1932-இல் வந்தது. 1934 ஆகஸ்டு 13-ஆம் தேதி மேரி ஆஸ்டின் ஸான்டா ஃபேயில் காலமானார். அணை கட்டி முடிந்தது மறு ஆண்டில்.

ஓவன்ஸ் ஏரியின் உப்புத் தூசி பல பத்தாண்டுகள் காற்றில் பறந்து சுற்றுவட்டாரத்து ஜனங்களின் மூச்சுப்பையைக் கெடுத்தது. சட்டம் நிர்ப்பந்தித்த பிறகு, 2001 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஏரிப் படுகையில் தண்ணீர் தெளித்தும் சரளை பரப்பியும் தூசியை அடக்கி வருகிறது. இருநூறு கோடி டாலருக்கு மேல் செலவாகிவிட்டது. தண்ணீர் தெளித்த இடங்களில் நீர்ப்பறவைகள் திரும்பி வந்திருக்கின்றன. 2006 டிசம்பரில், வற்றிக் கிடந்த நதியின் கீழ்ப்பகுதியில் அறுபது மைல் தூரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் திறந்து விட்டார்கள்.

ஸியராவில் பதின்மூன்றாயிரம் அடி உயரச் சிகரம் ஒன்றுக்கு மேரி ஆஸ்டின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் கீழே இன்டிபென்டென்ஸ் ஊரில் அவர் வாழ்ந்த மர வீடு இருக்கிறது. கலிபோர்னியாவின் சரித்திரச் சின்னங்களில் 229-ஆவது எண். ஊருக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் அந்தக் கால்வாய் போகிறது.